மூக்கண்டப்பள்ளியிலிருந்து இத்தாலிக்கு!

மூக்கண்டப்பள்ளி என்று ஓர் ஊர் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேலத்திலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ பெங்களூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊரைப் பார்த்தவர்கள்தாம். ஆனால் ஓசூர் பஸ் நிலையத்தில் காப்பி குடித்துவிட்டு ஏறியவர்கள், "இனிமேல் பெங்களூர்தானே!" என்று கண்ணை மூடிக்கொண்டுவிடுவார்கள். அந்தத் தூக்கத்தின் முதல் ஐந்து நிமிஷத்தில் கடந்து போகும் ஊர் எங்களுடையது!

பள்ளி என்று பெயரில் இருப்பதால் பள்ளிக்கூடத்துக்குப் பேர்போன ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். கன்னடத்தில் ஹள்ளி என்கிறார்களே, அதே பள்ளிதான். சிற்றூர் என்று அர்த்தம். இப்போது அது சிற்றூரும் அல்ல. 1970-களில் அரசாங்கம் 'சிப்காட்' தொழிற்பேட்டையைக் கொண்டுவந்தாலும் வந்தது, ராகியும் அவரையும் விளைந்த பூமியில் தொழிற்சாலைகள் விளைய ஆரம்பித்தன. லாரி செய்கிறவர்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறவர்கள், கைக்கடிகாரம் செய்கிறவர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. எங்கள் மூக்கண்டப்பள்ளியும் இன்று அந்த மாநகராட்சியில் ஒரு பகுதி.

கடல் மட்டத்துக்குச் சுமார் 880 மீட்டர் உயரம் என்பதால் சீதோஷ்ணம் சுகமாக இருக்கும். காய்கறிக்காரரிடம் தமிழில் பேரம் பேசினால் அவர் தெலுங்கில் விலை சொல்லுவார். பக்கத்தில் நிற்கிற அம்மாள் கன்னடத்தில் சிபாரிசு செய்வாள். மூன்று பாஷையும் கலந்து, கடைசியில் கொத்துமல்லி இனாமாகக் கிடைக்கும்!

"அதெல்லாம் சரி, இத்தாலி எங்கே வந்தது?" என்கிறீர்களா? சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் பெண் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள். முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் எங்களை ஓர் இத்தாலியச் சாப்பாட்டு விடுதிக்கு அழைத்துப் போனாள். அன்று பிடித்த மோகம், வருஷத்துக்கு மூன்று நான்கு தடவையாவது அங்கே போகாவிட்டால் எங்களுக்கு என்னவோ போலிருக்கும். விடுதியின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். கோரமங்கலாவில் மரத்தடியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இத்தனை தடவை போயும், என் மாமியார் மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை. "எனக்கு அந்தச் சாப்பாடெல்லாம் ஒத்துக்காதும்மா. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மண்ணோடு பாடுபட்டு வளர்ந்தவர். இப்போது எழுபத்தெட்டு வயது. அவர் வராததற்கு ஒத்துக்கொள்ளாமை காரணம் அல்ல என்று எனக்கு உள்ளூரத் தெரியும். அந்தக் காரணத்தை உங்களிடம் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் திருச்சிப் பெண். காவேரித் தண்ணீரும் அரிசிச் சோறுமாக வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் களி என்றால் இரண்டே களிதான். ஒன்று, மார்கழித் திருவாதிரைக்கு வெல்லம் போட்டுச் செய்யும் களி. இன்னொன்று, 'உள்ளே' போனவர்கள் தின்னும் களி! 1997-ல் கல்யாணமாகி இங்கே வந்தபோது, வீட்டில் தினந்தோறும் ஒரு வேளை ராகிக் களி என்பதைக் கண்டு திகைத்துப் போனேன். தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கடி என்று மூன்று பாஷைக்காரர்களும் இங்கே அதையே உருண்டை உருண்டையாக விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

2001 தை மாதம். திருச்சியிலிருந்து என் தம்பி வந்திருந்தான். அவரைக்காய்க் காலம் அல்லவா? மாமியார் ஆசை ஆசையாக அவரைக் கொட்டையைத் தோல் பிதுக்கி, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்தார். விறகு அடுப்பில் பானை ஏற்றிக் களி கிண்டினார். சுடச்சுட ஓர் உருண்டையைத் தட்டில் வைத்து, நடுவிலே குழித்து, குழம்பை ஊற்றி, நெய்யும் விட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

தம்பி தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "என்னக்கா, வந்த அன்னிக்கே ஜெயில் சாப்பாடு போடறீங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றான்.

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். சின்னப் பையன், பாவம். தப்பு அவன்மேல் இல்லை. நான் சிரித்துவிட்டேன்! வாய்விட்டுச் சிரித்தேன்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரத்தில் சோறு வடித்துக் கொண்டுவந்து பரிமாறினார். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவர் களி கிண்டியதே இல்லை. நான் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் மட்டும், தனக்கென்று ஒரு பிடி கிண்டிச் சாப்பிடுவார் என்று பிற்பாடு தெரிந்தது. கொல்லையில் இருந்த விறகு அடுப்பும் போய், மாடி வைத்துக் கட்டியபோது களிக்கோலும் பரணுக்குப் போய்விட்டது.

சகோதரிகளே, நாம் திட்டியதை மாமியார்கள் மன்னித்துவிடுவார்கள். சிரித்ததை மன்னிப்பது கஷ்டம்.

போகட்டும், பிரயாணத்துக்கு வருகிறேன். 2025 டிசம்பர் மாதம், திருவாதிரைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை. பெண்ணுக்கு உத்தியோகத்தில் உயர்வு வந்திருந்தது. "பாட்டி வந்தால்தான் விருந்து, இல்லாவிட்டால் கிடையாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேத்தி சொல்லுக்கு அப்பீல் ஏது? மாமியார் தலைக்குக் கம்பளி மப்ளர் கட்டிக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்தார்.

மூக்கண்டப்பள்ளியிலிருந்து சிறிது தூரத்தில் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. போர்டுகளெல்லாம் கன்னடத்துக்கு மாறிவிடும். முன்பெல்லாம் இந்த எல்லையில் லாரிகள் மைல் கணக்கில் காத்துக் கிடக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகள் எடுபட்ட பிறகு அந்த வரிசை குறைந்தது. சந்தாபுரா தாண்டிப் பொம்மசந்திரா வந்ததும், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடிற்று. "ரயிலு ஆகாசத்துல போகுது பாரு!" என்று மாமியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் உயரச் சாலை ஏறி, சுமார் பத்துக் கிலோ மீட்டரைப் பறந்து கடந்து, சில்க் போர்டு சந்திப்பில் இறங்கி, பறந்து மிச்சம் பிடித்த நேரம் அத்தனையையும் அங்கேயே நின்று செலவழித்தோம். பெங்களூர் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடுதியில் மங்கலான விளக்கு, செங்கல் சுவர். ஒரு மூலையில் விறகு எரியும் பீட்ஸா அடுப்பு. மாமியாரின் கண் நேரே அந்த அடுப்புக்குத்தான் போயிற்று. "பரவாயில்லையே, இவங்க இன்னும் வெறகு அடுப்பு வச்சிருக்காங்களே!" என்றார். அடுப்பே இல்லாத வீட்டிலிருந்து வந்தவரைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிமாறுகிற பையனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது எங்கள் அதிருஷ்டம். முதலில் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வந்தன. பிறகு மினஸ்ட்ரோனே என்கிற காய்கறி சூப். பீன்ஸும் காரட்டும் தக்காளியும் மிதந்தன. மாமியார் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "சாம்பார்ல பருப்பும் புளியும் போட மறந்துட்டாங்க" என்றார். அதற்குப் பின் வந்த பீட்ஸாவின்மேல் வட்ட வட்டமாய்த் தக்காளி. "இது நம்ம ராயக்கோட்டைச் சந்தைத் தக்காளியா?" என்று கேட்டார்.

பையன் சிரித்தான். "சாஸுக்கு டப்பாத் தக்காளி பாட்டி. மேலே போடறது நம்ம பக்கத்துச் சரக்குதான்" என்றான்.

பாருங்கள், ராயக்கோட்டையில் மூட்டை கட்டிய தக்காளி மாநில எல்லை தாண்டிப் போய், பெயரை மாற்றிக்கொண்டு, நம்மிடமே நாலு பங்கு விலைக்கு வருகிறது! அந்தத் தக்காளியாவது இத்தாலியின் சொந்தப் பிள்ளையா என்றால், அதுவும் இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில்தான் இத்தாலிக்குப் போயிற்று. அதைப் 'பொமொடோரோ', அதாவது பொன் ஆப்பிள், என்று பெயரிட்டு அழைத்தார்கள். நம்மூரில் அதற்குச் சீமைத் தக்காளி என்று பெயர். பாலாடைக்கட்டி விஷயமும் இப்படித்தான். இத்தாலியில் டஸ்கனிப் பிரதேசத்தில் தோன்றிய வல்லொம்ப்ரோசா மடத்துத் துறவிகள் பெங்களூரில் பட்டறை வைத்து, நம் நாட்டுப் பாலில் மொஸரெல்லா செய்தார்கள். சாப்பாட்டுக்கு ஏது எல்லைச் சாவடி?

அடுத்து வந்ததுதான் கதை. பெண் எங்களுக்குத் தெரியாமல் புதிதாக ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். ஒரு மரப்பலகை. அதன்மேல் மஞ்சளாக, ஆவி பறக்க, குவிந்த ஒரு பிண்டம். நடுவிலே குழித்துக் காளான் குழம்பை ஊற்றியிருந்தார்கள். மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேர் பொலெந்தா, பாட்டி" என்றாள் பெண்.

மாமியார் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் ஓரத்தைத் தொட்டார். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது களி இல்லே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. களியேதான்! ராகிக்குப் பதில் மக்காச்சோளம். பிதுக்குப் பருப்புக்குப் பதில் காளான். நெய்க்குப் பதில் வெண்ணெய். குழித்து ஊற்றிய விதம்கூட, அன்று என் தம்பிக்கு வைத்த தட்டைப் போலவே இருந்தது.

"இதைக் கேட்டு வாங்கித் திங்கறாங்களா? என்ன வெலை?" என்றார். பெண் 600 ரூபாய் என்றாள். எங்கள் பக்கத்துச் சந்தையில் அந்தப் பணத்துக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ராகி மாவு வாங்கலாம். மாமியாருக்கு விலை கேட்டு மயக்கம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. முதுகை நிமிர்த்தி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இதைக் கிண்டினது யாரு? கூப்பிடு பார்க்கலாம்" என்றார்.

சமையல்காரர் வந்தார். இத்தாலிக்காரரை எதிர்பார்த்தோம், வந்தவர் உத்தராகண்ட் மலைப்பக்கத்து இளைஞர். பரிமாறுகிற பையன் துபாஷி ஆனான். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கைவிடாமல் கிண்ட வேண்டும் என்றார் சமையல்காரர். இத்தாலியில் பெரிய செப்புப் பாத்திரத்தில் நீள மரக்கோலால் கிண்டி, பலகையில் கவிழ்த்து, ஆறியதும் நூலால் அறுப்பார்களாம்.

"நூலாலயா? கையில தண்ணி தொட்டுக்கிட்டு உருட்டத் தெரியாதா அவங்களுக்கு?" என்று மாமியார் அதிசயப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்காதே தம்பி. இந்த ஓரத்துல ஒரு கட்டி விழுந்திருக்கு. மாவைக் கொட்டின உடனே கிளறக் கூடாது. நடுவுல கோலால ஒரு குழி விடணும். தண்ணி கொதிச்சு மேலே வந்து மாவை மூடணும். அப்புறம் பாத்திரத்தைக் கால்மாட்டுல அணைச்சுக்கிட்டுக் கிண்டு. கட்டி எங்கேருந்து வரும்?" என்றார்.

சமையல்காரர் அந்தக் கட்டியைத் தேடிப் பார்த்தார். இருந்தது! கையைக் கூப்பிவிட்டார். "எங்கள் மலையிலும் ராகி உண்டு. மண்டுவா என்போம். அம்மா ரொட்டி தட்டுவாள்" என்று சொல்லி, ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். அவருக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கும். அன்று கடைசியில் வந்த இனிப்புக்கு அவர் காசு வாங்கவில்லை.

வீடு திரும்பியதும் பொலெந்தாவின் ஜாதகத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வருவதற்கு முன்பே இத்தாலியர்கள் களி கிண்டியிருக்கிறார்கள். பழைய ரோமானியர்கள் தானியத்தைக் குழைய வேகவைத்து, 'புல்ஸ்' என்று பெயரிட்டுச் சாப்பிட்டார்கள். தினையிலும் சாப்பாட்டுக் களி உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் மக்காச்சோளம் வேரூன்றிய பிறகு, அது ஏழைக் குடியானவர்களின் அன்றாட ஆகாரம் ஆயிற்று. வேறொன்றும் கிடைக்காமல் அதையே தின்றவர்களுக்குத் தோல் வெடித்துப் புத்தி கலங்கும் வியாதி கண்டது. 1771-ல் மிலான் நகரத்து வைத்தியர் பிரான்செஸ்கோ பிரபோல்லி என்பவர் அதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வைத்தார். ஆகவே, எந்தத் தானியமானாலும் பருப்பும் கீரையும் பக்கத்தில் இருப்பது அவசியம். நம் கிராமத்துப் பாட்டிகள் களிக்குக் கீரைக் கடைசலையும் பிதுக்குப் பருப்பையும் ஜோடி சேர்த்தது எவ்வளவு புத்திசாலித்தனம், பாருங்கள்!

இன்னொரு சமாசாரமும் கண்ணில் பட்டது. தென் இத்தாலிக்காரர்கள் வட இத்தாலிக்காரர்களைக் கேலி செய்ய ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்களாம்: 'பொலெந்தோனி'. களி தின்னிகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராகி மட்டும் மட்டமான சரக்கா? 100 கிராம் ராகியில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசி அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. அந்த வருஷம் நானும் பெங்களூர்க் கடையில் அழகான பெட்டியில் ராகி பிஸ்கோத்து வாங்கி வந்து, மாமியாருக்குக் கொடுத்து, "உடம்புக்கு நல்லது அத்தை" என்று உபதேசம் செய்தேன்! அவர் வாங்கிச் சாப்பிட்டார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரவு திரும்பி வரும்போது காரில் எல்லோரும் மௌனமாக இருந்தோம். அத்திப்பள்ளி தாண்டியதும் குளிர்ந்த காற்று வீசிற்று. மாமியார் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். திடீரென்று மப்ளருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உன் தம்பியையும் ஒரு நாளைக்கு அங்கே கூட்டிக்கிட்டுப் போம்மா."

இருபத்து நான்கு வருஷம்! அவ்வளவு காலம் மனசில் வைத்திருந்ததை அவ்வளவு மெல்லிய குரலில் சொல்லிவிட்டார். என் கணவர் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் இருட்டில் மாமியாரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். "தப்பு என்னுதுதான் அத்தை. நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரணில் ஏறிக் களிக்கோலைத் தேடி எடுத்தேன். புளியமரத்துக் கோல், பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. காஸ் அடுப்பிலேயே பானையை வைத்து, முதலில் அரிசி நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, குழி விட்டுக் காத்திருந்தேன். பிறகு பாத்திரத்தைத் தரையில் இறக்கிக் கிண்ட ஆரம்பித்தேன். ஐந்தே நிமிஷத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆயிற்று. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும்... இன்னும்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தினந்தோறும் இதை முப்பது நாற்பது வருஷம் செய்த கை அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உருண்டை பிடித்து முதல் தட்டை அவர் எதிரே வைத்தேன். கிள்ளி வாயில் போட்டார். எனக்குப் பரீட்சை முடிவு பார்க்கிற படபடப்பு.

"மூணு கட்டி இருக்கு" என்றார். ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

தம்பிக்கு எழுதியிருக்கிறேன். தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கோரமங்கலாவுக்கு அப்புறம் போகலாம், முதல் சாப்பாடு வீட்டிலேதான் என்று மாமியார் தீர்மானித்துவிட்டார். நீங்களும் அவரைக்காய்க் காலத்தில் பெங்களூர் பஸ்ஸில் போக நேர்ந்தால், ஓசூர் தாண்டியதும் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மூக்கண்டப்பள்ளியில் இறங்குங்கள். கட்டியில்லாமல் கிண்ட நான் அதற்குள் கற்றுக்கொண்டுவிடுவேன்.